பூச மறுத்த மாலை

முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருக்கிறது, இனி மணிக்கணக்கில் குனிந்து நிற்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பத்து நான்கு வயதில் ஒருவன் ஓய்வு பெற்றதாகச் சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள்தான். ஆனால் மணப்பெண் ஒப்பனையில் பாதி வேலை குனிவது. குனிய முடியாதவன் நாற்காலியை அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டேன்.

எங்கள் ஒப்பனைக் கலைஞர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி இளைய தோழர்கள் கேட்டார்கள். இப்போது பெண்கள் தங்கள் படத்தையே கைபேசியில் மெருகேற்றி எடுத்து வந்து, "என்னை இந்த மாதிரி ஆக்கிடுங்க" என்கிறார்கள். அந்தப் படத்தில் மூக்கே வேறாக இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது, இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா, வீட்டில் எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு இன்றும் மண்டபத்துக்குள் நுழையும்போது உள்ளங்கை வியர்க்கும். அப்படிப்பட்டவனிடம் தைரியம் கேட்டால் என்ன தருவது? எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அவ்வளவுதான் முடியும்.

எங்கள் வீடு கள்ளிக்குப்பத்தில். அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் கிடங்கில் பெட்டி இறக்கும் வேலை. பள்ளிக்கூடம் என்று போனது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தேன். தேர்வு முடிந்ததும் முகப்பேரில் ஓர் அழகு நிலையத்தில் தரை துடைக்கச் சேர்ந்தேன் என்றால் அப்பாவின் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரி ஆண்டு விழா நாடகங்களில் மற்றவர்களுக்கு நான்தான் முகம் எழுதுவேன். அந்த ருசி கையில் ஒட்டிக்கொண்டது. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

"படிக்க வச்சா பொண்டுங்க மூஞ்சில மாவு பூசறேன்றான்" என்று அப்பா தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தெருவும் விடவில்லை. "இன்னா மாமே, எனக்கும் ஒரு லிப்ஸ்டிக்கு போட்டு உடு" என்று டீக்கடையில் ஒருவன் தினமும் உதட்டைக் குவிப்பான். நான் சிரித்துக்கொண்டே கடந்து போவேன். வீட்டுக்குள் போனால் சோறு இறங்காது.

நான் கற்றது அந்த அழகு நிலையத்தை நடத்திய ஜெசிந்தா மேடத்திடம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கனிவானவர் இல்லை. முதல் வருடம் முழுக்கப் பிரஷ் கழுவ மட்டுமே விட்டார். ஈரம் வடிய முடியைக் கீழ்ப்பக்கமாகத் தொங்கவிட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் கைப்பிடிக்குள் இறங்கிப் பசை விட்டுப்போகும். நான் ஒரு தடவை நிமிர்த்தி வைத்ததற்கு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

எந்தப் பெண்ணிடமும் அவர் "அழகா இருக்கீங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பெண் வந்து உட்கார்ந்ததும் விளக்குகளை அணைப்பார். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் முகத்தைப் பார்ப்பார். பிறகு தன் விரல்களைத் தன் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, பெண்ணின் காதுக்குக் கீழே தொடுவார். ராத்திரி தூங்கினீர்களா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எங்காவது எரிகிறதா என்று கேட்பார். பெண்ணின் அம்மா பதில் சொன்னால் காதில் வாங்கவே மாட்டார். பெண் வாய் திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"நாற்காலிக்குப் பின்னாடி நிக்கிறவங்க பேசிக்கிட்டேதான் இருப்பாங்க. உட்கார்ந்திருக்கறவ பேசற வரைக்கும் பிரஷ்ஷ எடுக்காதே" என்பார். அப்போது எனக்கு அது வெறும் கெடுபிடியாகத்தான் பட்டது.

ஒரு வாரம் முன்பே பெண்ணை வரவழைத்து, காதுக்குப் பின்னால் பூச்சைத் தொட்டு வைத்து, தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு நாள் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்றிலிருந்து கல்யாணம் வரை ஃபேஷியல், ப்ளீச் எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்புவோம். பொட்டு மட்டும் நான் வைக்க மாட்டேன். அது வீட்டுச் சுமங்கலி கையால் வைக்க வேண்டியது. புடவை கட்டிவிட மேடத்திடம் வேலை செய்யும் லதா என்னோடு வருவாள். ஆண் என்பதால் எனக்கு இத்தனை வேலி. வேலிக்குள் நின்று செய்ய நான் பழகிக்கொண்டேன்.

இப்படிச் சில வருடம் உதவியாளாக ஓடியபின் எனக்குத் தனியாக ஒரு கல்யாணம் வந்தது. பெண் பெயர் வினோதினி. தோழியின் கல்யாணத்தில் என் வேலையைப் பார்த்துவிட்டு அவளாகவே கேட்டிருக்கிறாள். பிறகுதான் தெரிந்தது, அவள் சுடலைமுத்து சாரின் மகள். சுடலைமுத்து சார் அப்பாவின் கிடங்குக்கு மேலாளர். திருநெல்வேலிக்காரர், குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"வேற கல்யாணமே கெடைக்கலியாடா உனுக்கு? சாரு ஊட்டு கல்யாணத்துக்கா? கெடங்கு மொத்தமும் அங்கதான் இருக்கும்."

"அவங்களாத்தான்பா கூப்டாங்க."

"சரி. இதோட முட்சிக்க. அம்பத்தூர் எஸ்டேட்ல உங்க மாமா கம்பெனில ஆளு எட்க்கறாங்க. சனிக்கெழம ரிசப்சன், ஞாயித்துக்கெழம கல்யாணம். திங்கக்கெழம காலீல நீ அங்க நிக்கணும். மாமா வாக்கு குட்த்துட்டான்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு கல்யாணம் நன்றாக அமைந்துவிட்டால், அப்பாவின் கிடங்கு ஆட்கள் பார்த்து நாலு வார்த்தை சொன்னால், திங்கட்கிழமையைத் தள்ளிப் போடலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அந்த வாரம் முழுவதும் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை மாலை, ஆவடி மண்டபம். வரவேற்பு இருட்டும் நேரத்துக்கு. வெயில் தாழத் தொடங்கும்போதே நானும் லதாவும் போய்விட்டோம். மணப்பெண் அறைக் கதவைத் தட்டினால் திறக்கவில்லை. உள்ளே குசுகுசுவென்று பேச்சு. வெகுநேரம் கழித்து வினோதினியின் அம்மா பாதிக் கதவைத் திறந்தார்.

வினோதினி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பினாள். இரண்டு கன்னமும் வீங்கிச் செக்கச்செவேல் என்றிருந்தன. தாடையில் கொப்புளம் கொப்புளமாய்த் தடிப்பு. கண் இமை கனத்து இறங்கியிருந்தது.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலியே. நலங்குதான் வச்சோம்" என்றார் அம்மா.

கை அன்று தானாக நடந்தது. விளக்கை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். முகத்தில் மஞ்சள், சந்தனப் பூச்சின் கோடு இன்னும் இருந்தது. ஆனால் நெற்றி ஓரத்தில் பூனைமுடிகள் பொன்னிறமாக இருந்தன. ஒரு வாரம் முன்பு நான் பார்த்தபோது அவை கறுப்பு.

"ப்ளீச் போட்டீங்களா?"

அம்மாதான் சொன்னார்.

"என் தங்கச்சி வீட்லயே பார்லர் வச்சிருக்கா. மத்தியானம் லேசாத்தான் போட்டா. ஆம்பளப் பையன் என்ன பெருசா செஞ்சிரப் போறான்னு ஒரு பயம், தம்பி. அதான் முன்னாடியே கொஞ்சம் வெளுப்பாக்கி வச்சிருவோம்னு..."

ப்ளீச் போட்டுப் பச்சைப் புண்ணாக இருந்த தோல் மேல் உடனே நலங்கு. சுற்றத்தார் ஒவ்வொருவராக மஞ்சளும் சந்தனமும் அள்ளித் தேய்த்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு வெளியே யாருக்கும் இப்படி நடக்காது. என்னை நம்பாததால் செய்த காரியம், என் தலையிலேயே வந்து விடிந்திருந்தது.

"சரி தம்பி, நேரமாவுது. கனமா ஒரு கோட்டு போட்டு மறச்சிரும். அதுக்குத்தான உம்ம கூப்பிட்டிருக்கு" என்றார் அம்மா.

மறைக்க முடியும். அதுதான் கொடுமை. பச்சை நிறக் கரெக்டரைப் பூசிச் சிவப்பை அமுக்கி, அதன் மேல் கனமான பூச்சு வைத்தால் முதல் அரை மணி நேரம் படத்துக்கு நன்றாகவே இருக்கும். அதற்குப்பின் மேடையின் சூட்டில் தோல் மூச்சுவிட வழியில்லாமல் வீங்கிக் கண் மூடிக்கொள்ளலாம். காலையில் தாலி கட்டும்போது என்ன ஆகியிருக்குமோ.

மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் பூந்தமல்லியில் வேறு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன்.

"முகம் உன் முன்னாடி இருக்கா, என் முன்னாடி இருக்கா?" என்றார்.

"என் முன்னாடி, மேடம்."

"அப்புறம் எனக்கு எதுக்குப் போன் பண்ற?" வைத்துவிட்டார்.

அன்று அவர்மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. பெட்டியை மூடினேன்.

"மேக்கப் போட முடியாதும்மா. முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்."

அம்மாவின் குரல் ஏறியது. "டாக்டரா? மாப்பிள்ள வீட்டாளுக கீழ உக்காந்திருக்காக. பொண்ணுக்குச் சீக்குன்னு ஊரெல்லாம் பரவவா? போட முடியாதுன்னு சொல்லுதியே, அப்புறம் எதுக்கு வந்த?" கதவைத் திறந்து யாரிடமோ, "அந்தப் பையனோட அப்பாவ வரச் சொல்லுங்க" என்றார்.

அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, கல்யாணத்துக்கென்று எடுத்த புதுச் சட்டை. அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். பெண்ணின் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை.

"இன்னாடா பிரச்ன?"

"முகம் ஒத்துக்கலப்பா. போட்டா இன்னும் வீங்கிடும்."

வினோதினியின் அம்மா அழத் தொடங்கியிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார், பிறகு என்னை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தே பாரு, சாரு கீழ நின்னுகினு கீறாரு. நாளைக்கு நான் அவரு மூஞ்சில முழிக்கணும். அவங்க கேக்கறத போட்டு உட்டு வாடா. அதுக்கப்புறம் இன்னா ஆனாலும் அவங்க பாடு."

"மாட்டேன்பா."

"இன்னாது?"

"மாட்டேன்."

என் வாழ்க்கையில் அப்பாவிடம் அந்தச் சொல்லை அதற்குமுன் சொன்னதில்லை. அப்போதுதான் உறைத்தது, உட்கார்ந்திருப்பவளை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். அவள் உயரத்துக்குக் குனிந்தேன்.

"உங்களுக்கு என்ன செய்யணும்?"

வினோதினி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எரியுதுண்ணா. மொளகாப் பொடி கொட்டினாப்ல எரியுது. யாரும் எதையும் தடவாதீங்க" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா" என்றாள்.

அப்பா படியிறங்கிப் போனார். எனக்குத் திங்கட்கிழமை அங்கேயே வந்துவிட்டது போலிருந்தது.

விஷயம் தெரிந்ததும் சுடலைமுத்து சாரே மேலே வந்து, பின்வாசல் வழியாக அடுத்த தெரு கிளினிக்குக்கு மகளை அழைத்துப் போனார். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, குளிர்ந்த ஈரத்துணி வைக்கச் சொல்லி, வீங்கிய இடத்தில் எதுவும் தடவக் கூடாது என்றாராம் டாக்டர். திரும்பி வந்ததும் சமையல்காரர்களிடம் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி லதா ஒத்தி ஒத்தி எடுத்தாள். வீக்கம் மெல்ல அடங்கியது. சிவப்பு போகவில்லை.

கட்டிலில் வரவேற்புப் புடவை விரித்திருந்தது. நல்ல கிளிப்பச்சை. பூச்சில்லாத சிவந்த முகத்துக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை வந்தால், மண்டபத்தின் கடைசி வரிசை வரை முகம் மட்டும் பற்றி எரியும். அரக்கு நிறம் பக்கத்தில் இருந்தால் சிவப்பு அதில் கரைந்துவிடும். முகூர்த்தக் கூறை அரக்குதான். ஆனால் அதைத் தாலிக்கு முன் தொடக்கூட விட மாட்டார்கள். அறையில் இன்னொரு அரக்குப் பட்டு இருந்தது. வினோதினியின் அம்மா கட்டியிருந்தார்.

சொன்னேன். "பச்சப் புடவ மாப்பிள்ள வீட்டுக்காரங்க எடுத்தது" என்றார் அவர். சொல்லும்போதே குரல் உடைந்தது. "அதக் கட்டாம மேடையேறினா என்ன நெனப்பாக?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. கீழே நாற்காலிகள் நிறையும் சத்தம் கேட்டது. அப்போது கதவைத் தட்டாமலே மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்துவிட்டார். பூந்தமல்லிக்காரர். வாய்விட்டுப் பேசுகிறவர்.

"இன்னாமா, பொண்ணு ரெடியா? போட்டோக்காரன் கத்திகினு கீறான்." பச்சைப் புடவை மடிப்புக் கலையாமல் கிடப்பதைப் பார்த்தார். "இன்னாது, நான் எட்த்த பொடவ புடிக்கலியா?"

வினோதினி முகத்திலிருந்து துணியை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"பொடவ புடிச்சிருக்கு அத்த. மூஞ்சிதான் எரியுது."

அந்த அம்மா கிட்டே வந்து பார்த்தார். கல்யாணம் நின்றால் காரணம் நான்தான் என்றே எல்லாரும் சொல்லப் போகிறார்கள்.

"அய்யய்யே, இன்னா பொண்ணு இது, அப்பவே சொல்றதில்ல? நானும்தான ரெண்டு கன்னத்துலயும் வழிச்சி வழிச்சி தேச்சேன். மஞ்சா போட்டா எரியுதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது?" கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீதான் மேக்கப்பு ஆளா? இன்னா செய்யணும்றே?"

புடவை விஷயத்தைச் சொன்னேன்.

"இத்துக்கா இத்தினி நேரம்? அந்தப் பச்சய மறுவூட்டுக்குக் கட்டிகினு வரட்டும். சம்மந்தி, நீ கட்டிகினு கீற அரக்குப் பொடவய பொண்ணுக்குக் குட்த்துட்டு, இன்னிக்கி பச்சய நீ கட்டிக்கமா. நான் வெளிய நிக்கறேன்."

நானும் வெளியேறினேன். கதவு மீண்டும் திறந்தபோது வினோதினி அரக்குப் பட்டில் இருந்தாள். அம்மா கிளிப்பச்சையில். கண்ணுக்கு எதுவும் இல்லை, உதட்டுக்கு மட்டும் கொஞ்சம் நிறம். தலையைப் பின்னி, மல்லிகையைக் கன்னத்தில் உரசாமல் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். பொட்டை மாப்பிள்ளையின் அம்மா வைத்தார். மேடையில் வீடியோக்காரரிடம் கெஞ்சி, முன்விளக்கை அணைத்துப் பக்கவிளக்கின் மேல் வெள்ளைத் துணி கட்டச் சொன்னேன். "நீ மேக்கப் மேனா, கேமரா மேனா?" என்று அவர் கடுகடுத்தார். கட்டினார்.

வினோதினி மேடையில் சிரித்தாள். முகம் சிவந்துதான் இருந்தது. வெட்கம் என்று தூரத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். கிட்டே போனவர்கள் அப்படி நினைக்கவில்லை.

"பொண்ணுக்கு மேக்கப்பே போடலியா?"

"ஒரு பையன் வந்தானாம், அவன் ஏதோ போட்டு அலர்ஜி ஆயிடிச்சாம்."

என் காதுபடவே பேசினார்கள். ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி விளக்கவா முடியும்?

பந்தியில் அப்பா கிடங்கு ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் தூண் மறைவில் நின்றேன்.

"இன்னா அண்ணாத்தே, உன் புள்ளதான மேக்கப்பு? பொண்ணு மூஞ்சில ஒண்ணத்தையும் காணோமே?" என்று ஒருவர் கேட்டார்.

அப்பா ரசத்தை இழுத்துக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணும் போடாததுக்குத்தான்பா அவன் துட்டு வாங்கறான். நாம பொட்டிய எறக்க மாட்டேன்னா எவனாவது துட்டு குட்ப்பானா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கிண்டலா வேறு ஏதாவதா என்று எனக்கு விளங்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, இலையில் கவனமாக இருந்தார்.

மறுநாள் முகூர்த்தம் நன்றாக நடந்தது. வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் அன்று மாலையே, அடுத்த மாதத்துக்கு என்னைப் பேசி வைத்திருந்த இரண்டு வீட்டிலிருந்தும் போன் வந்தது. ஒருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டோம் என்றார். இன்னொருவர் காரணமே சொல்லவில்லை. கையில் ஒரு வேலையும் இல்லை. செய்தது சரி என்று தெரிந்திருந்தும், சரியானதைச் செய்து பட்டினி கிடக்கிற துணிச்சல் எனக்கு இல்லை என்பதும் தெரிந்தது. ராத்திரியே சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினேன்.

திங்கட்கிழமை காலை சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். அப்பா முதல் ஷிப்டுக்குச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"மாமா கம்பெனிக்குப்பா."

"அங்க வேற பையன எட்த்துட்டாங்க."

"எப்போ?"

"சனிக்கெழமயே. பந்தி முட்ச்சி கைய கழுவிகினு நான்தான் உங்க மாமனுக்குப் போன போட்டு வேணாம்னு சொன்னேன்."

"ஏம்பா?"

அப்பா துணியை உதறிக் கைப்பிடியில் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாரு பொண்டாட்டி சொல்றாங்க, நான் சொல்றேன், கீழ ஊரே கீது. அத்தினி பேரு சொல்லியும் மாட்டேன்னு நிக்கறே. நீ கம்பெனில போயி எவன் பேச்ச கேப்ப? ஒரு வாரம் கூட தாங்க மாட்ட. மாமன் மானம்தான் போவும்." சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். "போ, உன் வேலைய பாரு."

எந்த வேலையை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை இஸ்திரிச் சட்டையோடு வாசலில் நின்றேன். பிறகு மேடத்தின் அழகு நிலையத்துக்கு, முகப்பேர் போகும் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.